வலது கரையில் ஒரு மரம்

பிப்ரவரி 4

தங்கைக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் பெருந்தன்மை இல்லை, உடந்தை.

உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கழுத்துவலிதான். கல்லூரியில் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலி அப்படி. கழுத்துக்கு முட்டு வைத்த நாற்காலி துறைத் தலைவருக்கு மட்டும்தான். அதில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறான் தெரியுமா? என்னிடம் படித்தவன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கல்லூரி ஆண்டு மலரில் தாத்தா கட்டிய அணையைப் பற்றி எழுதியதை உன் அண்ணி எங்கிருந்தோ வாங்கி வந்து என் மேஜையில் வைத்தாள். நடை பரவாயில்லை. ஆனால் கூடவே ஒரு புகைப்படம். அணையின் வலது கோடியில் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு பெண் சிரிக்கிறாள். மரம் அவளைப்போல இரண்டு மடங்கு பருமன்.

மண் அணையில் மரம்! இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பில் சொல்வதே இதுதான். வேர் போகிற வழியில் தண்ணீர் போகும். மரம் பட்டால் வேர் மக்கும், மக்கிய வேர் இருந்த இடம் சுரங்கமாகும். ஒரு பெருமழை போதும், கீழே இருக்கிற பதினோரு வீட்டிலும் பாத்திரம் மிதக்கும். நமக்கு ஒரு குவளை தண்ணீர் தராத அணை அது. மேலே கொட்டுகிற வெள்ளத்தை மூன்று நாள் பிடித்து வைத்து, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காக, பாதி நிலத்தை மூழ்கக் கொடுத்து அப்பா கட்டினார். அந்த ஒரு வேலையையாவது அது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

யாரைச் சொல்லி என்ன? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, உபரிநீர் வாய்க்காலுக்கு நான் வரைபடம் போட்டேன். அணை நிரம்பினால் தண்ணீர் தலைக்கு மேல் ஏறாமல் பக்கத்தில் வழிந்து போவதற்கான வாய்க்கால். வலது கரையில் நான்கு நாள் வெயிலில் நின்று குச்சி அடித்து அளந்தேன். அப்பா அதைச் சுருட்டி வைத்துவிட்டு, மண் வெட்ட வாடகைக்கு வந்த பொக்லைன்காரர் "இடது பக்கம் வெட்டலாங்க" என்றதைக் கேட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் படிப்பு ஜெயித்தது. பிறகு அதே ஆளுக்கு உன்னையும் கொடுத்தார், அணையையும் கொடுத்தார்.

மரத்தை எடுக்கவும். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் இருந்தால்தான் பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(முதுநிலைப் பொறியியல், மண் இயக்கவியல்)

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்பா காரியத்துக்கு வந்து அன்று சாயங்காலப் பேருந்திலேயே திரும்பிப் போனாயே, அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். திட்டித்தான் எழுதியிருக்கிறாய். ஆனாலும் இரண்டு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய், அதில் எனக்குச் சந்தோஷம்.

கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள். அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். அவர் எண்ணெய் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என் கண் முன்னால் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

அணையைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைக்காதே. வெளிச்சரிவில் புல்லை முழங்கால் உயரத்துக்கு மேல் விடுவதில்லை. எலி வளை, நண்டு வளை கண்ணில் பட்டால் அன்றைக்கே தோண்டி இடித்து அடைப்பார். மழைக்காலத்தில் தினமும் காலையில் அடிவாரத்தில் கசிகிற தண்ணீரை நான் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி ஒட்டி, சமையலறை ஜன்னலில் வைப்பேன். தெளிவாக இருந்தால் அணை வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. பதினேழு வருஷமாக வைக்கிறேன், ஒருநாளும் கலங்கியதில்லை. உன் மருமகள் "அம்மா, நம்ம வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் வர்றதுக்கும் அனுமதி வாங்கணும் போல" என்கிறாள்.

மரத்தைப் பற்றி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மச்சான் சொல்றது சரிதான். அங்க மரம் இருக்கவே கூடாது. ஆனா அதை நாம எப்படி..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது இருக்கட்டும் அண்ணா. நேரில் வந்தால் சொல்கிறேன்.

வருவாயா?

அன்புடன்,
தங்கச்சி

*

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியிடம் போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கார். ராத்திரி சாப்பிட்டதும் எதையோ எழுதறார், கிழிக்கிறார். விடைத்தாளா இருக்கும்" என்றாள்.

இங்கே ஒரு செய்தி. அணைகளைப் பார்வையிடுகிற அலுவலகத்துக்கு யாரோ நம் அணையைப் பற்றி மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு அதிகாரி வந்தாள். சின்ன வயசு, பெரிய தொப்பி, வெயிலில் முகம் சிவந்துபோய். ஜீப்பை விட்டு இறங்கியதும் "இந்த அணைக்குச் சொந்தக்காரர் யாருங்க?" என்று கேட்டாள். நான் கை தூக்கினேன். என் கையில் துடைப்பம் இருந்தது.

"மரம் இருக்குன்னு புகார். வாய்க்கால் போதாதுன்னு புகார். கையெழுத்து இல்லாத கடிதத்தை நாங்க சாதாரணமா எடுத்துக்க மாட்டோம். ஆனா இதை எழுதினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

இவர் சிரித்துவிட்டார். "தெரிஞ்சவங்க எழுதினா நல்லதுதானே மேடம். வாங்க, மேல போய்ப் பார்க்கலாம்."

இரண்டு மணி நேரம் அளந்தாள். ஜன்னல் பாட்டில்களைப் பார்த்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று தடவை மோர் வாங்கிக் குடித்தாள். முடிவை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.

எழுதியது யாராக இருக்கும் என்று கீழே பதினோரு வீட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறது. நான் அதில் கலந்துகொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி

*

ஏப்ரல் 15

தங்கைக்கு,

கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல்.

அந்த அதிகாரி எந்த வருஷம் படித்தவள்? அளவெடுக்க என்ன கருவி கொண்டுவந்தாள்? அடிவாரத்தில் கசிவைப் பார்த்தாளா, அல்லது மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாளா? கடிதம் முழுவதையும் உங்களுக்கு வாசித்துக் காட்டினாளா? குறிப்பாக நான்காவது குறிப்பை வாசித்தாளா? அதற்கு என்ன சொன்னாள்?

பொதுவான அக்கறையில் கேட்கிறேன். தனியார் அணைகளை அரசாங்கம் எப்படிச் சோதிக்கிறது என்பது என் பாடத்தில் வருகிறது.

பாட்டில் வைப்பது சரியான முறை. யார் சொல்லிக் கொடுத்தது?

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

மே 6

அன்புள்ள அண்ணா,

நான்கே நாளில் பதில் போட்டிருந்தாய். உடம்பு தேறியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இங்கே நலம்.

நீ கேட்டதற்குப் பதில். அவள் அடிவாரம் முழுக்க நடந்தாள், செருப்பு சேற்றில் போய்விட்டது, என் செருப்பைக் கொடுத்து அனுப்பினேன். நாலாவது குறிப்பையும் வாசித்தாள். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தது நீதான் அண்ணா. முதல் வருஷ விடுமுறைக்கு வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு எனக்கும் அப்பாவுக்கும் வகுப்பு எடுத்தாய். மறந்துவிட்டதா?

அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. மரத்தை வேரோடு எடுத்து அந்த இடத்தை மறுபடி கட்ட வேண்டும். உபரிநீர் வாய்க்காலைப் பெரிதாக்க வேண்டும். இரண்டுக்கும் தகுதியுள்ள பொறியாளர் வரைபடம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் முடியாவிட்டால், மழைக்கு முன்னால் அணையின் நடுவில் வெட்டித் திறந்துவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிற வெள்ளம் வருகிறபடி நேராகக் கீழே போகும்.

செய்தி கேட்டு முதல் வீட்டுத் தையல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா, அணையை வெட்டிட்டா நான் மிஷினைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டா தைக்கிறது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

டவுனில் இரண்டு பேரைக் கேட்டோம். மண் அணை, அதுவும் பழையது, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். வெட்டுகிற வேலை, கட்டுகிற வேலை எல்லாவற்றையும் இவர் பார்த்துக்கொள்வார். காகிதத்தில் போட்டுக் கையெழுத்து வைக்க எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கேட்டுவிட்டேன். இனி உன் இஷ்டம்.

அன்புடன்,
தங்கச்சி

*

மே 12

தங்கைக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

என் கையெழுத்து ஒருமுறை அந்த வீட்டில் சுருட்டி வைக்கப்பட்டது. நான் அதை மறக்கவில்லை. மறந்தவர்கள் இப்போது கேட்கிறார்கள். அன்றைக்கு வலது கரையில் வெட்டியிருந்தால் இன்று வாய்க்கால் போதாது என்று யாரும் உத்தரவு போட்டிருக்கமாட்டார்கள். இடது பக்கம் வெட்டச் சொன்னவரே வரைபடமும் போடட்டும், கையெழுத்தும் வைக்கட்டும்.

உன் அண்ணி இதை வாசித்துவிட்டு, "இதைப் போஸ்ட் பண்ணினா நாளையிலிருந்து உங்க காபியை நீங்களே போட்டுக்கோங்க" என்கிறாள். போட்டுக்கொள்வேன்.

இங்கே நேற்று கோடை மழை. உங்கள் பக்கம் பெய்ததா என்று பேப்பரில் பார்த்தேன். இல்லை என்று போட்டிருந்தது. பழக்கம், வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

ஜூன் 1

அன்புள்ள அண்ணா,

காபி போடக் கற்றுக்கொண்டாயா? அண்ணி பேசினாள். சர்க்கரை இல்லாமல் குடிப்பதால் நல்லதுதான் என்றாள்.

மரத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். நீ வருவதாகத் தெரியவில்லை. அது எப்படியும் வெட்டுப்படப் போகிறது, அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு நாள் வெயிலில் நின்று குச்சி அடித்ததாக எழுதியிருந்தாயே. காய்ந்த குச்சி போதவில்லை என்று வேலியிலிருந்து பச்சைக் கிளைகளை ஒடித்துக் கூராகச் சீவிக் கொண்டுவந்தாய். வேலிக்கு எந்த மரம் ஊன்றுவார்கள்? கிளையை நட்டாலே துளிர்க்கிற மரம். நான் சொன்னேன். "உனக்கு என்னடி தெரியும், பேசாம சுத்தியலைப் பிடி" என்றாய். தகரத்தை வெட்டி, ஆணியால் குத்தி எண் போட்டு, ஒவ்வொரு குச்சியிலும் கம்பியால் கட்டினாய். மொத்தம் பதினான்கு.

அப்பா இடது பக்கம் வெட்டச் சொன்ன மறுநாள் பரீட்சைக்கு என்று கிளம்பிப் போனாய். அந்த மாதம் மழை. பதிமூன்று குச்சி காய்ந்தது. ஏழாவது துளிர்த்தது.

அப்பா அதைப் பிடுங்கத்தான் போனார். நான் பக்கத்தில் நின்றேன். கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். "அவன் அடிச்சது. அவனே வந்து பிடுங்கட்டும்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். இடுப்பு உயரம் வந்ததும் சொன்னார், நிழல் விழ ஆரம்பித்ததும் சொன்னார். கடைசியில் படுக்கையில் கிடந்தபோது இவர் கேட்டார்: "மாமா, மரம் பெரிசாயிடுச்சு. அணைக்கு ஆகாது. எடுத்துடவா?" அப்பா, "அவன் வரட்டும்" என்றார். அன்றிலிருந்து இவர் அந்த மரத்தைச் சுற்றி மட்டும் வாரம் மூன்று தடவை கசிவு பார்க்கிறார்.

தப்புதான் அண்ணா. அணையில் மரம் நிற்கக்கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே விட்டோம்.

அப்பா பெட்டியில் உன் வரைபடம் இருந்தது. இதோடு அனுப்புகிறேன். முன்னும் பின்னும் பார்த்துக்கொள்.

தங்கச்சி

*

ஜூலை 20

தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்பு சரியாகத்தான் இருந்தது.

இத்துடன் மூன்று தாள்கள். அலுவலகத்துக்கு வேண்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வலது கரைத் திட்டம் கைவிடப்பட்டது. இடது வாய்க்காலையே ஒன்றரை மடங்கு அகலமாக்குவதாக வரைந்திருக்கிறேன். அதன் பாதை சரியாக இருக்கிறது, ஓர் அடிகூட மாற்ற வேண்டியதில்லை.

உன் வீட்டுக்காரர் கவனத்துக்கு: மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. விரல் பருமன் உள்ள வேர்வரை தேடி எடுக்க வேண்டும். குழியின் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்டவும். களிமண்ணை ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, அதன் பிறகுதான் அடுத்த சாண். பிடித்துப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் எழுதுவது என் கடமை.

அந்தப் பதினான்கு குச்சிகளில் மற்றவற்றை யார் பிடுங்கியது?

அண்ணன்

*

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் அண்ணியும் நலமா? கல்லூரி திறந்திருக்கும், கழுத்தைப் பார்த்துக்கொள்.

வேலை முடிந்துவிட்டது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி தொப்பி அதிகாரி வந்து பார்த்து, முத்திரை வைத்துக் கொடுத்தாள். என் செருப்பையும் திருப்பிக் கொடுத்தாள், கழுவி, காகிதத்தில் சுற்றி.

வெட்டுவதற்கு முன்னால் இவர் மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "மச்சான் வர மாட்டார்னு தெரியும். இருந்தாலும் மனசு கேக்குதா பாரு" என்றார். அப்புறம் ரம்பம் போட்டோம். பாதி போனதும் கிரீச்சென்று ஒரு சத்தம், ரம்பத்தின் பல் ஒன்று போய்விட்டது. பிளந்து பார்த்தால் நட்ட நடுவில் உன் தகரம். மரம் அதை அப்படியே விழுங்கி வைத்திருந்தது. துரு ஏறியிருந்தாலும் ஆணி ஓட்டை தெரிகிறது, ஏழு.

வேர் தேட எட்டு நாள் ஆனது. நீ எழுதிய காகிதத்தை இவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொக்லைன் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். யாராவது அவசரப்படுத்தினால் "எங்க மச்சான் எழுதிக் குடுத்திருக்கார், ஒரு சாணுன்னா ஒரு சாண்தான்" என்று காட்டுவார். பதினோரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து தண்ணீர் தெளித்தார்கள், இடித்தார்கள். தையல்காரர் உருண்டை பிடித்துப் பார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நூறு உருண்டை. கடைசி நாள் அதில் ஒன்றைக் காயவைத்துப் பொம்மைக்குத் தலை செய்து எடுத்துப் போனார்.

மற்ற குச்சிகளை இவர்தான் பிடுங்கினார், அப்பா சொன்ன பிறகு. மண்ணை வாரும்போது குத்தக்கூடாது என்று. ஒவ்வொன்றையும் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறதாம்.

இத்துடன் வருகிற பொட்டலம் இவர் அனுப்புவது. அந்த மரத்திலிருந்து சீவிய குச்சி, உன் தகரத்தை அதில் கட்டியிருக்கிறார். "நிழல்ல ஒரு வாரம், வெயில்ல ஒரு வாரம் காய வெச்சிருக்கேன். இது துளிர்க்காதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

தங்கச்சி

*

நவம்பர் 2

அன்புள்ள அண்ணா,

பேப்பரில் பார்த்திருப்பாய். அண்ணி நாலு தடவை போன் செய்தாள், பின்னால் யாரோ "தண்ணி எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. அந்த யாரோவிடம் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் நாள் காலையில் மதகுக் குழாய் முழு வேகத்தில் ஓடியது, அப்படியும் தண்ணீர் ஏறியது. மத்தியானம் வாய்க்கால் வாய்க்கு வந்தது. பழைய வாய்க்காலாக இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கும். சாயங்காலம் அணைத் தலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு முழம். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மூன்றாம் நாள் விடிந்தபோதும் அதே இரண்டு முழம். ஏறவில்லை. இடது பக்கம் வெள்ளம் அகலமாக, சத்தமில்லாமல், பழைய ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் அடிவாரத்துக்குப் போனேன். மரம் இருந்த இடத்துக்கு நேர் கீழே பாட்டிலைப் பிடித்தேன். அண்ணா, இரண்டு தடவை கொட்டிவிட்டது. மூன்றாவது தடவை வெளிச்சத்தில் பார்த்தேன். குடிக்கலாம் போல இருந்தது.

கீழே தண்ணீர் எந்த வீட்டு வாசல்படியும் ஏறவில்லை. தையல்காரர் மழை நாளிலும் ஒரு பள்ளிக்கூடச் சீருடை தைத்து முடித்தார், மிஷின் தரையில்தான் இருந்தது.

நேற்று வெயில் அடித்தது. எல்லோரும் மேலே வந்து அணையின் மேல் உட்கார்ந்திருந்தோம். இவர் சொன்னார்: "அந்த மொட்டைக் கடிதம் போட்டவரு யாரோ, நல்லா இருக்கணும். அவரு போடலைன்னா மரம் இன்னும் நின்னுருக்கும். வாய்க்கால் இன்னும் பழைய அளவுதான். இந்த மழைக்கு நாம எல்லாரும் வேற எங்கேயோ உக்காந்திருப்போம்."

இன்னொன்று. மறைத்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மொட்டைக் கடிதத்தில் எத்தனை குறிப்பு என்று நான் உனக்கு எழுதவே இல்லை. நீ நாலாவதைக் கேட்டிருந்தாய். உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது இவர்தான் அதைக் கவனித்தார். "என்னது, நாலாவதா?" என்றார். போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள் என்று விரட்டிவிட்டேன். அதற்கு முன்பே, அந்த அதிகாரி நாலாவதாக "தகுதிவாய்ந்த பொறியாளர் ஒருவர் முன்பே தயாரித்த வலது கரை வரைபடம் வேண்டுமென்றே புறக்கணிக்கப்பட்டது" என்று வாசித்தபோதே, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்.

கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

தங்கச்சி

*

நவம்பர் 12

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆகவே அதைக் கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. கழுத்துவலி குறைந்திருக்கிறது. நீ சொன்ன துண்டு வேலை செய்கிறது.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அணைக்காக எழுதினேன் என்று சொல்லலாம், முதல் மூன்று குறிப்புகளுக்கு அது உண்மையும்கூட. நான்காவது எனக்காக எழுதியது. அதை எழுதத்தான் மற்ற மூன்றையும் எழுதினேனோ என்று சில நாள் தோன்றுகிறது. அணையை வெட்டிவிடுவார்கள் என்று நினைக்கவில்லை. நினைக்காதது தப்பு. இதை உன் கடிதத்துக்குப் பிறகு ஒப்புக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜூனிலிருந்து ஜூலை வரை நான் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. முன்னும் பின்னும் பார்த்துக்கொள் என்று எழுதினாய், பார்த்தேன். வரைபடத்தின் பின்பக்கம் அப்பா பென்சிலால் ஒரு படம் போட்டிருக்கிறார். வாய்க்கால் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எத்தனை அடி அகலம் என்று எல்லாவற்றையும் நான் வரைந்திருந்தேன். அது முடிகிற இடத்தில் தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று மட்டும் வரையவில்லை. அப்பா வரைந்திருந்தார். கோடு என் வாய்க்காலிலிருந்து நேராக அணையின் அடிவாரத்துக்கு வந்து, அதைச் சுரண்டிக்கொண்டு, தையல்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. என் மாணவன் ஒருவன் இப்படி வரைந்திருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி. "பையனுக்குப் பரீட்சை. முடிந்து வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்."

பரீட்சை முடிந்து நான் வரவில்லை. உனக்கும் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோடு முதலில் யார் கண்ணில் பட்டது என்பதும் எனக்கு இப்போது தெரிகிறது. "இடது பக்கம் வெட்டலாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரணத்தை அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். என் முன்னால் சொல்லவில்லை. நான் அதைத்தான் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைத் தலைவர் விஷயத்தில் என் கருத்தில் மாற்றம் இல்லை. அந்தப் பையன் தகுதியில்லாதவன்தான். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் விட்டுவிட முடியாது.

குச்சி என் மேஜையில் இருக்கிறது. போன வாரம் இரண்டாம் வருஷ வகுப்புக்கு எடுத்துப் போனேன். அளவெடுக்கும்போது காய்ந்த குச்சியைத்தான் அடிக்க வேண்டும், பச்சைக் கிளையை அடித்தால் என்ன ஆகும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருத்தி எழுந்து, "சார், அப்படி யாராவது அடிப்பாங்களா?" என்று கேட்டாள். அடித்திருக்கிறார்கள் என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று உன் அண்ணியிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள். காபி மறுபடியும் அவளே போடுகிறாள்.

ஜனவரியில் பத்து நாள் விடுமுறை. இரண்டு பேரும் வருகிறோம். அன்றைக்கே திரும்புகிற பேருந்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் சொல், வலது கோடியில் புதிதாகக் கட்டிய இடத்தில் மண் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று நான் அளக்க வேண்டும். சுத்தியலை நான் பிடிக்கிறேன், குச்சியை அவர் அடிக்கட்டும். அந்த மழை நாள் பாட்டில்களைக் கொட்டிவிடாதே. மூன்றாம் நாள் பாட்டிலை நான் பார்க்க வேண்டும்.

கடிதத்தை மடிக்கப் போனேன், உன் அண்ணி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கீழே ஒண்ணுமே போடலையே" என்கிறாள். உன் அண்ணன் என்று எழுதலாம். படிப்பையும் பட்டத்தையும் போடலாம். பேனா ஒவ்வொன்றுக்கும் தயங்குகிறது. போன முறை கையெழுத்து இல்லாமலே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். அன்றைக்கு மறைப்பதற்காகப் போடவில்லை. இன்றைக்கு உனக்கு அது தேவையில்லை என்பதால் போடவில்லை. இப்படியே உறையில் வைத்து, முக்குத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.